டேப் காணோம், டேப் தானாகத் திறக்கிறது, டேப் தொங்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போடுகிற சின்னக் கடை என்னுடையது. நான்கு சிஸ்டம், ஒரு பிரிண்டர். சாயங்காலம் தெரிந்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையும் பார்த்துக் கொடுப்பேன். பென்னாகரமோ அரூரோ காரிமங்கலமோ, எங்கிருந்து போன் வந்தாலும் பாதிப்பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "அண்ணா, டேப் எல்லாம் போயிடுச்சுண்ணா." பிரவுசரில் இணையப் பக்கங்களைத் திறந்தால் மேலே வரிசையாக, பக்கத்துக்கு ஒன்றாக நிற்குமே, அந்த டேப். ஒருமுறை நான் இல்லாதபோது என் வீட்டம்மா போனை எடுத்து, தண்ணீர்க் குழாய் என்று நினைத்து பிளம்பர் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

போனிலேயே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில். சொல்வதெல்லாம் விண்டோஸில் ஓடும் குரோம் பிரவுசருக்கு. எட்ஜிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஃபயர்பாக்ஸில் வேறாக இருக்கும் இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "ஃபார்மட் போட்டுடலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர், டேப் தானாகத் திறக்கிறது என்று சிஸ்டத்தை ஒரு கடையில் கொடுத்தார். ஃபார்மட் செய்து, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு வருடக் கணக்கு இருந்த எக்செல் ஃபைல்கள் போயின. டேப் மட்டும் முன்பு போலவே தானாகத் திறந்துகொண்டிருந்தது. கோளாறு எங்கே இருந்தது என்று கீழே வரும்.

## திறந்து வைத்திருந்த டேப் காணோம்

முதலில் கையை கீபோர்டிலிருந்து எடுங்கள். பதற்றத்தில் பிரவுசரை மூடி மூடித் திறப்பவர்கள்தான் உள்ளதையும் இழக்கிறார்கள். குரோம் கடைசியாகத் திறந்திருந்த டேப்களை நினைவில் வைத்திருக்கும். நீங்கள் மறுபடி மறுபடி மூடித் திறந்தால், புதுப் பட்டியல் வந்து பழையதை மறைத்துவிடும்.

### ஒரு டேப்பைத் தவறி மூடிவிட்டேன்

கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாக மூடிய டேப் திரும்பி வரும். இன்னொரு முறை அழுத்தினால் அதற்கு முன்பு மூடியது வரும். இப்படியே பின்னோக்கிப் போகலாம். பக்கம் வரும் என்பதற்கு நான் பொறுப்பு, அதில் நீங்கள் நிரப்பி வைத்திருந்தவை வரும் என்பதற்கு இல்லை. சில தளங்களில் வரும், பலவற்றில் வராது.

### பிரவுசர் மொத்தமாக மூடிவிட்டது

குரோமைத் திறந்து அதே மூன்று பட்டனை அழுத்துங்கள். முழு விண்டோவும் எல்லா டேப்போடும் எழுந்து வரும். வரவில்லையென்றால் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் ஹிஸ்டரி. சமீபத்தில் மூடியவை என்ற பகுதியில் "12 டேப்" என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் பன்னிரண்டும் வரும். ஃபயர்பாக்ஸில் ஹிஸ்டரி மெனுவிலேயே முந்தைய செஷனை மீட்டெடுக்க ஒரு வரி உண்டு.

தினமும் இந்தக் கதை என்றால் செட்டிங்ஸில் "ஆன் ஸ்டார்ட்அப்" என்ற பகுதிக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றிவிடுங்கள். இதிலும் ஒரு வம்பு உண்டு. இரண்டு விண்டோ திறந்து வைத்து, பதினைந்து டேப் உள்ளதை முதலில் மூடி, ஒரே டேப் உள்ள சின்னதைக் கடைசியில் மூடினால், மறுநாள் அந்தச் சின்னது மட்டும்தான் வரும். பயப்பட வேண்டாம், கன்ட்ரோல் ஷிஃப்ட் டி பெரியதையும் கொண்டு வரும்.

### கரன்ட் போய் வந்தது

கோடையில் எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான். கரன்ட் வந்து குரோமைத் திறந்ததும், சரியாக மூடப்படவில்லை என்று சொல்லி மேலே சின்னதாக ஒரு பெட்டி வரும். அதில் "ரெஸ்டோர்" பட்டன் இருக்கும். அதை அழுத்துவதற்குப் பதில் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். மூடிவிட்டாலும் உடனே ஹிஸ்டரியில் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

யூபிஎஸ் இருந்தும் கரன்ட் போன நொடியே சிஸ்டம் அணைகிறதென்றால், பிரவுசரை விட்டுவிட்டு யூபிஎஸ்ஸைப் பாருங்கள். வீட்டு யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துபோகும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். அதை யூபிஎஸ் தெரிந்தவர் மாற்றட்டும், நீங்கள் திறக்க வேண்டாம்.

### நான் மூடவே இல்லை, ஆனாலும் காணோம்

நான்கு இடத்தில் தேடுங்கள். ஒன்று, கீழே டாஸ்க்பாரில் குரோம் ஐகான் மேல் மவுஸை வையுங்கள். இரண்டு படம் தெரிந்தால் உங்கள் டேப் இன்னொரு விண்டோவில் இருக்கிறது. இரண்டு, வலது மேலே வட்டத்துக்குள் இருக்கும் படமோ எழுத்தோ உங்களுடையதுதானா? பையன் அவன் ஜிமெயிலில் குரோமைத் திறந்து வைத்திருப்பான். மூன்று, இடது ஓரத்தில் எழுத்தில்லாமல் வெறும் ஐகானாக ஏதாவது சுருங்கி நிற்கிறதா? தவறிப்போய் "பின்" செய்திருப்பீர்கள். ரைட் கிளிக் செய்து எடுத்துவிடுங்கள். நான்கு, வண்ணத்தில் ஒரு சின்னப் பட்டை அல்லது புள்ளி. அது டேப் குரூப். அதை ஒரு தட்டு தட்டினால் உள்ளே மடங்கியிருந்தது விரியும்.

தேடச் சோம்பலாக இருந்தால் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. திறந்திருக்கும் டேப் எல்லாவற்றிலும் பெயரை வைத்துத் தேடித் தரும்.

### எதுவும் பலிக்கவில்லை

கன்ட்ரோல் எச் அழுத்தி முழு ஹிஸ்டரியில் தேதி பார்த்துத் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் இரண்டில் ஒன்று. ஹிஸ்டரியில் எதையும் பதியாத இன்காக்னிட்டோ விண்டோவில் பார்த்திருப்பீர்கள், அது மூடினால் மூடியதுதான். இல்லாவிட்டால் சிஸ்டத்தைச் "சுத்தம்" செய்யும் ஏதோ ஒரு கிளீனர் ஹிஸ்டரியைத் துடைத்திருக்கும். இதற்கு மேல் யாரைக் கூப்பிட்டாலும் பயனில்லை. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

## டேப் வரிசையே காணோம், பக்கம் மட்டும் திரை முழுக்க நிற்கிறது

எஃப்11. அவ்வளவுதான். சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனோடு சேர்த்து எஃப்11. இதற்காக ஒருவர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சிபியுவை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மானிட்டரை வைத்துவிட்டு வந்திருந்தார்.

## டேப் தானாகத் திறக்கிறது

இதில்தான் ஃபார்மட் அதிகம் நடக்கிறது. எப்போது திறக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐந்து நிமிடம் மவுஸையும் கீபோர்டையும் தொடாமல் உட்காருங்கள். நீங்கள் தொட்டால்தான் திறக்கிறதா, தொடாவிட்டாலும் திறக்கிறதா?

### எதைக் கிளிக் செய்தாலும் புது டேப்பில் திறக்கிறது

கன்ட்ரோல் பட்டன் மாட்டிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு லிங்கைக் கிளிக் செய்தால் புது டேப்பில் திறக்கும் என்பது பிரவுசரின் வழக்கம். பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால் நீங்கள் எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதாக சிஸ்டம் நினைக்கும். சோதிப்பது எளிது. நோட்பேடைத் திறந்து இரண்டு வரி அடித்துவிட்டு, "ஏ" எழுத்தை மட்டும் தட்டுங்கள். எழுத்து விழாமல் எல்லாம் நீலமாகத் தேர்வானால் கன்ட்ரோல் மாட்டியிருக்கிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகிச் சின்னதாவதும் அதே அடையாளம்.

ஒரு மாவு மில்லில் இப்படித்தான். கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். மேஜையில் ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவு. இடது கன்ட்ரோல் பட்டனை நகத்தால் நெம்பி எடுத்தால், கீழே மாவு ஈரம் பட்டுக் களியாகவே இறுகியிருந்தது. காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுத்ததும் சரி. கீபோர்டின் வயரைச் சிஸ்டத்திலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். லேப்டாப் கீபோர்டில் பட்டனை நெம்பாதீர்கள். அதன் கொக்கி உடைந்தால் கீபோர்டையே மாற்ற வேண்டி வரும். அங்கே ஆளைக் கூப்பிடுவதுதான் மலிவு.

பட்டன் நன்றாக மேலே எழும்புகிறது, ஆனாலும் இதே கதை என்றால் ஸ்டிக்கி கீஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல் மாதிரிப் பட்டனை விட்டபிறகும் அழுத்தியதாகவே வைத்துக்கொள்ளும் வசதி அது, ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வரும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள்.

### சில சமயம் மட்டும் புது டேப், சில சமயம் டேப் தானாக மூடவும் செய்கிறது

மவுஸ் சக்கரம். சக்கரத்தை உருட்டுவது மட்டுமல்ல, அழுத்தவும் முடியும். லிங்கின் மேல் அழுத்தினால் புது டேப், டேப்பின் மேல் அழுத்தினால் அந்த டேப் மூடிவிடும். சக்கரம் தளர்ந்துபோன பழைய மவுஸில் உருட்டும்போதே அழுந்திவிடுகிறது. மேலே சொன்ன தக்காளி மண்டிக்காரர் விஷயம் இதுதான். என் பையிலிருந்த வேறு மவுஸைச் சொருகினேன், நின்றுவிட்டது. "இதுக்கா என் கணக்கை அழிச்சாங்க" என்று மண்டியில் உட்கார்ந்தபடி அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

மவுஸை மாற்றிப் பார்க்காமல் சாஃப்ட்வேர் பக்கம் போகவே போகாதீர்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது மாற்றிப் பாருங்கள்.

### நான் தொடாமலே திறக்கிறது, அல்லது மூலையில் "வைரஸ்" என்று மிரட்டுகிறது

முதலில், வலது கீழ் மூலையில் வரும் மிரட்டல்கள். பெரும்பாலும் அது வைரஸ் இல்லை, நீங்கள் கொடுத்த அனுமதி. படமோ மேட்சோ பார்க்கப் போன ஏதோ தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்" என்றிருக்கும். அழுத்தியிருப்பீர்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். இருபது முப்பது பெயர் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதில் காட்டும் டோல்ஃப்ரீ நம்பருக்கு மட்டும் போன் செய்யவே கூடாது.

அடுத்து எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் சின்னத் துணை புரோகிராம். மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸைத் திறந்து, எல்லாவற்றையும் அணையுங்கள். அரை நாள் ஓட்டிப் பாருங்கள். டேப் திறப்பது நின்றுவிட்டால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதைப் போட்டதும் ஆரம்பிக்கிறதோ அதைத் தூக்கி எறியுங்கள். வீடியோ டவுன்லோடர், இலவசக் கூப்பன் என்று பெயர் இருந்தால் நான் சோதிக்கக்கூட மாட்டேன், நேராக நீக்கம்தான்.

அதற்கும் அடங்காவிட்டால் கன்ட்ரோல் பேனலில், பிரச்சினை தொடங்கிய தேதியில் என்ன புரோகிராம் ஏறியிருக்கிறது என்று பார்த்து அகற்றுங்கள். கடைசியாக குரோம் செட்டிங்ஸில் ரீசெட். இது எக்ஸ்டென்ஷன்களை அணைக்கும், பின் செய்த டேப்களை எடுத்துவிடும், உங்கள் லாகினைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கிகளை அழிக்கும். அதனால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது.

### பிரவுசரைத் திறந்ததும் தெரியாத பக்கம் வருகிறது

செட்டிங்ஸில் "ஆன் ஸ்டார்ட்அப்" பகுதியில் ஏதாவது முகவரி எழுதியிருக்கிறதா பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால், டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ். டார்கெட் என்ற வரியின் கடைசியில் ஒரு வெப்சைட் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், யாரோ ஒட்டி வைத்தது. ஐகானை அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மூன்று புள்ளி மெனுவின் அடியில், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஒரு வரி வருகிறது, ஆனால் அது உங்கள் சொந்த வீட்டு சிஸ்டம். ஆபீஸ், கல்லூரி லேப்டாப்பில் அந்த வரி சாதாரணம். சில ஆன்டிவைரஸும் அப்படிக் காட்ட வைக்கும். வேறு காரணம் தெரியாமல் வீட்டில் வந்தால், விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரி வரை ஏதோ இறங்கியிருக்கலாம். ரீசெட் செய்தும் நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாள் திரும்பி வருவதும் இதே வகைதான். கொடுப்பதற்கு முன் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் பென்டிரைவில் ஏற்றிவிட்டுக் கொடுங்கள்.

## ஒரு டேப்பை மூடினால் இரண்டு மூடுகிறது

மவுஸின் இடது பட்டன். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதன் தகடு தேய்ந்தால் ஒரு அழுத்தலை இரண்டாகச் சொல்லும். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரை ஒரே ஒரு முறை கிளிக் செய்து பாருங்கள். அதுவாகவே திறந்துகொண்டால் உறுதி. சிலர் ஒரே கிளிக்கில் திறக்கும்படி விண்டோஸிலேயே மாற்றி வைத்திருப்பார்கள், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் சால்டர் செய்து மாற்றலாம், நான் பொழுதுபோகாத நாளில் செய்திருக்கிறேன். சாதாரண மவுஸுக்கு அது கட்டுப்படியாகாது. புதிதாக வாங்கிவிடுங்கள்.

## டேப் கூடக்கூட சிஸ்டம் நின்றுபோகிறது

"ரேம் போடணுமாண்ணா?" என்று கேட்டபடியே வருவார்கள். போட வேண்டியிருக்கலாம். அதற்கு முன் குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். குரோமுக்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வரும். ஒவ்வொரு டேப்பும், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தனி வரியாகத் தெரியும். என் கடை சிஸ்டத்தில் சாதாரண விண்ணப்பப் பக்கம் 100 எம்பியைச் சுற்றி நிற்கும். வீடியோ ஓடும் செய்தித் தளம் ஒன்றே 400, 500 என்று ஏறும். ஆக, பத்து டேப் என்பது கணக்கே இல்லை, என்ன பத்து என்பதுதான் கணக்கு. குற்றவாளியைத் தேர்ந்து எண்ட் பிராசஸ் கொடுங்கள். பெரும்பாலும் அந்த டேப் மட்டும் விழும், மற்றவை பிழைக்கும்.

பிறகு செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதி. அங்கே மெமரி சேவர் இருக்கும், போட்டுவிடுங்கள். 2022 கடைசியில் குரோம் 108இல் வந்த வசதி இது. நெடுநேரம் பார்க்காத டேப்பைத் தூங்க வைக்கும். எட்ஜில் இதையே தூங்கும் டேப் என்று வைத்திருக்கிறார்கள்.

சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 7 என்றால் வேறு கதை. குரோம் 109தான் அதற்குக் கடைசி, 2023 பிப்ரவரிக்குப் பிறகு புதியது வரவில்லை. பல தளங்கள் அதில் இடறும். எங்கள் பக்கம் விண்டோஸ் 7 இன்னும் எத்தனையோ அரிசி மண்டியில் ஓடுகிறது. பில் போட மட்டும் என்றால் ஓடட்டும், பேங்க் வேலைக்கு வேண்டாம்.

செலவுக்கு வருவோம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 தனக்கென்றே பாதியை எடுத்துக்கொள்ளும். 8 ஆக்கினால் வித்தியாசம் அன்றே தெரியும். வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்டில் 32 பிட் என்று இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, முதலில் 64 பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும். அப்புறம் ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகை உண்டு, டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 ஏறாது, பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறதென்றால், இருக்கும் காசில் முதலில் அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடச் சொல்வேன். ரேம் நிரம்பும்போது சிஸ்டம் டிஸ்கில்தான் இறக்கி ஏற்றுகிறது. அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது.

### டேப்பில் "ஆவ், ஸ்னாப்" என்று வந்து பக்கம் விழுகிறது

ஒரே தளத்தில் மட்டும் என்றால் அந்தத் தளத்தின் தவறு, அல்லது ஒரு எக்ஸ்டென்ஷன். இன்காக்னிட்டோவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே விழவில்லையென்றால் எக்ஸ்டென்ஷன்தான். எந்தத் தளமானாலும் நேரம் காலம் இல்லாமல் விழுகிறது, கூடவே சிஸ்டம் நீலத்திரையாகிறது என்றால் ரேமைச் சந்தேகிக்கலாம். சிஸ்டத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி சொருகுவது பழைய வைத்தியம். எங்கள் ஊர்ச் செம்மண் தூசுக்கு இது வருடத்தில் இரண்டு முறை வேலை செய்கிறது. பிறகு விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக் ஓட்டுங்கள். பிழை காட்டினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

## வேறு டேப்புக்குப் போய் வந்தால் பக்கம் மறுபடி லோட் ஆகிறது, நிரப்பியது போய்விட்டது

இப்போதுதான் போடச் சொன்ன மெமரி சேவராகவும் இருக்கலாம். பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே, எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. விண்ணப்பம் போடும் தளத்தை அதில் சேர்த்துவிடுங்கள். பக்கம் லோட் ஆகாமலே "செஷன் முடிந்தது" என்று மட்டும் வந்தால் அது தளத்தின் நேரக் கெடு. பேங்க் தளங்கள் சில நிமிடம் தொடாவிட்டாலே வெளியே தள்ளும், அதற்கு மருந்து கிடையாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, போட்டோ எல்லாம் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போனில் இது இன்னும் மோசம். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் புதிதாக லோட் ஆகும், வந்த ஓடிபி வீண். ரேம் குறைந்த போன் பின்னால் இருக்கும் ஆப்பைக் கொன்றுவிடுகிறது. ஆப்பை விட்டு நகராதீர்கள். மேலே பட்டையாக வரும்போதே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள், அல்லது திரையை மேலிருந்து இழுத்துப் படியுங்கள். சிம்மை வீட்டிலுள்ள வேறொரு போனில் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

## இரண்டு டேப்பில் இரண்டு பேர் லாகின், ஆள் மாறிவிடுகிறது

இதில் சிஸ்டத்துக்குக் கோளாறே இல்லை. ஆனால் இங்கே எழுதியதிலேயே நஷ்டம் அதிகம் உண்டாக்குவது இதுதான்.

கல்லூரி விண்ணப்ப சீசன். பென்னாகரம் பக்கத்திலிருந்து அக்காளும் தம்பியும் வந்தார்கள். அவளுக்கு ஒரு டேப்பில் லாகின், அவனுக்குப் பக்கத்து டேப்பில் லாகின். இரண்டும் ஒரே தளம். தம்பியின் சான்றிதழ் ஸ்கேன் ஆகிக்கொண்டிருந்ததால் அக்காளின் டேப்புக்கு வந்து மதிப்பெண்ணை நிரப்பினேன். மேலே அவள் பெயர்தான் தெரிந்தது. சேவ் அழுத்தினேன். அடுத்த பக்கத்தில் மொபைல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் வேறாக இருந்தது. தம்பியின் கணக்கில் அக்காளின் மதிப்பெண் ஏறியிருந்தது. சப்மிட் ஆகாததால் தப்பித்தோம்.

டேப் வேறாக இருந்தாலும் லாகின் ஒன்றுதான். இரண்டாவது ஆள் உள்ளே போனதும் முதல் ஆள் வெளியே. பழைய டேப்பில் தெரியும் பெயர் லோட் ஆனபோது இருந்த பெயர், நிஜம் இல்லை.

சோதிக்க, எந்தப் படிவத்தையும் சேவ் செய்யும் முன் தளத்தின் முகப்பை இன்னொரு டேப்பில் திறந்து பெயரைப் பாருங்கள். தவிர்க்க, ஒருவருக்கு குரோம், ஒருவருக்கு ஃபயர்பாக்ஸ், மூன்றாமவருக்கு எட்ஜ். அல்லது சாதா விண்டோ ஒன்று, இன்காக்னிட்டோ ஒன்று. இரண்டு இன்காக்னிட்டோ விண்டோ திறந்து பிரித்துவிட்டதாக நினைக்காதீர்கள், அவை இரண்டும் ஒரே லாகினைப் பங்கிட்டுக்கொள்ளும். என் கடையில் இப்போது ஒரு சிஸ்டத்துக்கு ஒரு ஆள், அவர் லாக் அவுட் ஆனபிறகுதான் அடுத்தவர். வரிசை நீளும், நீளட்டும்.

தவறான தகவல் சப்மிட் ஆகிவிட்டால் பிரவுசரில் செய்ய ஒன்றுமில்லை. திருத்தத்துக்கு நாள் கொடுத்திருக்கிறார்களா என்று அந்தத் தளத்திலேயே பார்த்து, உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். விண்ணப்ப எண்ணையும் தவறு தெரியும் பக்கத்தின் பிரிண்டையும் கையில் வைத்துக்கொண்டு.

## புது டேப்பில் வரவேண்டிய ரசீதோ பிடிஎஃப்போ வரவில்லை

முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிவப்புக் குறியோடு சின்ன ஜன்னல் மாதிரி ஒரு ஐகான் இருக்கிறதா? பாப்அப்பை, அதாவது தளம் தானாகத் திறக்கும் புது விண்டோவை, குரோம் தடுத்திருக்கிறது. அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் திறந்துவிடாதீர்கள், திரும்ப "டேப் தானாகத் திறக்கிறது" என்று என்னிடமே வருவீர்கள். விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையும் ஒரு நிமிடம் அணையுங்கள். டேப் கண்சிமிட்டும் நேரம் திறந்து மூடினால் பிடிஎஃப் டவுன்லோட்ஸில் இறங்கியிருக்கும், கன்ட்ரோல் ஜே. "ஒன்றும் வரவில்லை" என்று ஒரே சான்றிதழைப் பதினான்கு முறை இறக்கி வைத்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டும் பக்கம் என்றால் நடு வழியில் ரிஃப்ரெஷ் வேண்டாம், பின்னோக்கிய அம்பும் வேண்டாம். பணம் போனதாக மெசேஜ் வந்து ரசீது மட்டும் வராவிட்டால், அதே தளத்தில் மறுபடி லாகின் செய்து பரிவர்த்தனை நிலையைப் பாருங்கள். அது தெரியும்வரை இரண்டாம் முறை கட்டாதீர்கள். நிலுவையிலேயே நின்றால் கூப்பிட வேண்டியது வங்கியையும் அந்தத் தளத்தின் உதவி எண்ணையும். என்னைக் கூப்பிட்டால் நான் டீ வாங்கித் தருவேன், அவ்வளவுதான்.

## எங்கிருந்தோ பாட்டுச் சத்தம்

டேப்பில் ஸ்பீக்கர் படம் எங்கே தெரிகிறதென்று பாருங்கள். ரைட் கிளிக், மியூட் சைட். தெரியவில்லையென்றால் வேறு விண்டோ, அல்லது குரோமே இல்லை.

## போனில்: எண்ணுக்குப் பதில் சிரிக்கிற முகம்

ஆண்ட்ராய்டு குரோமில் மேலே ஒரு சதுரத்துக்குள் டேப் எண்ணிக்கை தெரியும். 99 தாண்டினால் எண் போய், பக்கவாட்டில் சாய்ந்த சிரிப்பு முகம் ஒன்று வரும். வைரஸ் இல்லை, குரோமின் குறும்பு. சதுரத்தைத் தட்டி, மூன்று புள்ளியில் எல்லா டேப்பையும் மூடச் சொல்லலாம். அதற்கு முன் ஒருமுறை கீழே உருட்டிப் பாருங்கள். தேவையானது நடுவில் கிடக்கும். 21 நாள் தொடாத டேப்களை அதுவாகவே தனியாக ஒதுக்கி வைத்திருக்கும், காணோம் என்று தேடுவது அங்கே இருக்கலாம்.

வேறு ஆப்பில் வந்த லிங்கைத் தொட்டுப் படித்த பக்கம் பிறகு கிடைக்கவில்லையா? சில ஆப்கள் தமக்குள்ளேயே பக்கத்தைத் திறக்கும், அது குரோமின் டேப் வரிசையில் சேராது. அடுத்த முறை மூன்று புள்ளியில் "ஓபன் இன் குரோம்" கொடுத்துவிட்டுப் படியுங்கள். இப்போதைக்கு, லிங்க் வந்த ஆப்புக்கே போய் அதை மறுபடி தொட வேண்டியதுதான்.